இல்லாத குடோன்

அத்தியாயம் 7

கதவை மூன்றாவது முறையாக இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. கைப்பிடிக்கு மேலே மூக்குத்தி அளவில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே வர ஓர் அட்டையைக் காட்ட வேண்டும். வெளியே போகவும் அதே அட்டையைக் காட்ட வேண்டும். அட்டை மேனேஜர் அனந்தநாராயணனின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அனந்தநாராயணன் எங்கே என்றுதான் தெரியவில்லை.

மணி மூன்று ஐந்து.

"தீப்பிடிச்சா என்ன மேடம் செய்வாங்க? ஓடுறதுக்கும் லைசென்ஸ் எடுக்கணுமோ?" என்றான் டென்சில்.

டென்சில் என் உதவியாள். ஆறு வருஷம் தாராவியிலும் சயானிலும் கூரியர் பை சுமந்தவன். எந்தச் சந்து எந்தச் சந்தில் போய் முட்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். வாயை மூடத்தான் தெரியாது.

மூலை நாற்காலியில் சேசம்மாள் சித்தி பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பைக்குள் ரேஷன் கார்டு, கரண்ட் பில், வாக்காளர் அட்டை, பிள்ளைகளின் ஞானஸ்நானச் சீட்டு. தாராவியில் ஒரே வீட்டில் முப்பத்தொரு வருஷம் வாழ்ந்ததற்கான சாட்சி அவ்வளவும் அதில் இருந்தது. அவ்வளவும் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள்.

நாங்கள் மாட்டிக்கொண்டது செம்பூரில், ஒரு சர்வே கம்பெனியின் இரண்டாம் மாடி ஆபீசில். தாராவியை இடித்துக் கட்டும் திட்டத்துக்காக எங்கள் பகுதி வீடுகளை அளந்து மேப் போட்டது இந்தக் கம்பெனிதான். மேப்பில் வீடு இருந்தால் புது ஃப்ளாட் கிடைக்கும். இல்லையென்றால் இதே கட்டடத்தின் நான்காம் மாடியில் உட்கார்ந்திருக்கும் விசாரணை அதிகாரியிடம் ஆட்சேபம் சொல்ல வேண்டும். அதற்குக் கடைசி நாள் இன்று. சித்தியின் டோக்கன் முப்பத்தெட்டு. மூன்று தரம் கூப்பிடுவார்கள். ஆள் வரவில்லை என்றால் மனு தள்ளுபடி.

வராந்தா ஸ்பீக்கர் இருபத்தேழு என்று இந்தியில் சொன்னது.

என் பெயர் ஜெபசெல்வி. கிங்ஸ் சர்க்கிளில் ஒரு போட்டோ பிரேம் கடைக்கு மேலே எட்டுக்குப் பத்தில் ஆபீஸ். பேங்க்காரர்களும், பெண் கொடுக்கப் போகிற குடும்பங்களும் எங்களிடம் ஒரு பெயரையும் விலாசத்தையும் கொடுப்பார்கள். அந்த ஆள் நிஜமாகவே அங்கே இருக்கிறானா என்று நாங்கள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். பொய் விலாசம் கொடுக்கிறவர்களைப் பிடிப்பதுதான் எங்களுக்குச் சோறு.

அதனால்தான் சித்தி காலையில் மாடி ஏறி வந்தாள். நான் பிறந்த சந்துக்காரி அவள். அம்மாவும் அவளும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் வீட்டை விட்டுவிட்டுச் செம்பூருக்கு வாடகைக்கு வந்துவிட்டோம். அவள் அங்கேயே இருந்தாள். கம்பெனி அனுப்பிய கடிதத்தை என் மேஜையில் வைத்தாள். நீங்கள் சொல்லும் இடத்தில் குடியிருப்பு ஏதும் இல்லை, ஜி-114 என்ற எண்ணில் ஒரு குடோன் மட்டுமே உள்ளது, மேப்பில் உள்ளதே இறுதியானது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறவே இல்லை. முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப நான் இத்தன வருசம் எங்க படுத்துக் கெடந்தேன்?"

பத்து மணிக்கு நானும் டென்சிலும் சந்துக்குப் போனோம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அகலம்தான். ஒரே வரிசையில் ஐந்து வீடுகள். டேப் வைத்து அளந்தோம். குடோன் எங்கே என்று டென்சில் எதிர்வீட்டு வெயிலுமுத்துவிடம் கேட்டான். இந்தச் சந்தில் குடோன் வைத்தால் மூட்டையை எந்த வழியாக உள்ளே கொண்டுபோவாய் என்று அவர் திருப்பிக் கேட்டார். கேள்வி நியாயமானது. பீரோ வாங்கினாலே கழற்றித்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும்.

ஆக, குடோன் இல்லை. ஆனால் மேப்பில் இருக்கிறது. எங்கிருந்து வந்தது? அது தெரிந்துவிட்டால் கேஸ் முடிந்தது என்று நினைத்தேன். அவ்வளவு திமிர் எனக்கு.

மேப்பை இந்த அறைக்குள் வைத்துத்தான் பார்க்கலாம் என்பது கம்பெனி விதி. மனுதாரரோடு இரண்டு பேர் வரலாம். போனை வெளியே பெட்டியில் போட்டுவிட வேண்டும். சுவரில் ஒட்டியிருந்த பலகையில் இன்னொரு விதியும் இருந்தது. ஆட்சேபத்தோடு தரும் வரைபடம் கம்பெனியின் சாஃப்ட்வேர் திறக்கக்கூடிய ஃபைலாகவே இருக்க வேண்டுமாம். அதாவது வீட்டைத் தொலைத்தவள் முதலில் போய் அந்த சாஃப்ட்வேரை வாங்க வேண்டும்.

அனந்தநாராயணன் பிராஜெக்ட் மேனேஜர். ஐம்பது வயது, முழுக்கைச் சட்டை, வசதியான தமிழர்கள் வாழும் மாட்டுங்காவில் மூன்றாம் தலைமுறை. கழுத்துக் கயிற்றில் அட்டையோடு பென் டிரைவ் மாதிரி ஒரு சாவியும் தொங்கியது. அதைக் கம்ப்யூட்டரில் சொருகினால்தான் மேப் சாஃப்ட்வேர் திறக்கும். ஒரு வருஷ லைசென்சுக்கு என்ன விலை தெரியுமா என்று ஆரம்பித்தார். எனக்குத் தெரியும். வாஷியில் இதே மாதிரி ஒரு கம்பெனியில் பதினோரு மாதம் வேலை பார்த்தேன். நாற்பது பேருக்கு ஆறு சாவி. கான்வென்ட் இங்கிலீஷ் பேசுகிறவர்கள் எழுந்து போன பிறகு எனக்குக் கிடைக்கும். ஒரு நாள் வெறுத்துப்போய் இலவச சாஃப்ட்வேர் ஒன்றை என் பழைய லேப்டாப்பில் இறக்கி, அதே வேலையை அதே நேரத்தில் முடித்துக் கொடுத்தேன். கம்பெனியின் தரத்துக்கு இது சரிப்படாது என்று எழுதி என்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். தரம் என்று அவர்கள் சொன்னது வேலையை அல்ல.

"நாங்க ஒண்ணும் வாய்க்கு வந்தபடி வரையலை," என்றார் அனந்தநாராயணன். "பிப்ரவரியிலே ட்ரோன் பறக்க விட்டோம். லேசர் வெச்சு அளந்திருக்கோம். அங்கே இருக்கறதுதான் இங்கே இருக்கு."

திரையில் எங்கள் சந்தைப் பெரிதாக்கினார். ஜி-114. ஐந்து வீடுகளும் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே சாம்பல் கட்டம். சித்தி எழுந்து வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அந்த நேரம் பார்த்துத் திரை உறைந்தது. லைசென்ஸ் கிடைக்கவில்லை என்று ஒரு சின்ன பெட்டி வந்து நடுவில் நின்றது. சாவியைப் பிடுங்கினார், ஊதினார், சொருகினார். பெட்டி போகவில்லை. வாஷி ஹெட் ஆபீசில்தான் கோளாறு, ஐந்து நிமிஷத்தில் வருகிறேன் என்று சாவியோடு வெளியே போனார். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு அரை மணி நேரம் ஆகிவிட்டது. நாங்கள் தட்டியது யாருக்கும் கேட்கவில்லை. கேட்டவர்கள் வரவில்லை.

ஸ்பீக்கர் முப்பது என்றது.

"மேடம், டென்ஷன் நக்கோ, விடுங்க," என்றான் டென்சில். "வாடகை இல்லாம ஏசி. எங்க வீட்டுல இப்படி ஒரு ரூம் கெடச்சா நான் வெளிய வரவே மாட்டேன்."

நான் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். சாஃப்ட்வேர்தான் செத்துக் கிடந்ததே தவிர, அதில் கடைசியாகத் தெரிந்த படம் அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். விரட்ட ஆளில்லை.

குடோனுக்கு மூலைகள் அதிகம். மூன்று மூலை நேராக இருந்தன. கிழக்குப் பக்கம் மட்டும் கோடு உள்ளே மடங்கி மறுபடி வெளியே வந்தது. உடைந்த பல் மாதிரி. லேசர் வைத்து அளந்தவன் சுவரை இப்படியா வரைவான்? காலையில் நாங்கள் அளந்தபோது அங்கே அப்படி எந்த மடிப்பும் இல்லை. ஏதோ ஒன்று எனக்குள் உறுத்தியது. இந்தக் கோணலை எங்கோ பார்த்திருக்கிறேன்.

சித்தி என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். விரலை நீட்டி அந்தப் பல்லைத் தொட்டாள்.

"இது நம்ம தார்ப்பாயில்லா, ஏட்டி."

டென்சில் திரும்பினான். எந்தத் தார்ப்பாய் என்று அவன் கேட்க, சித்தி சொன்னாள். ஐந்து வீட்டுக்கும் தகரக் கூரை. வீட்டுக்கு வீடு தனியாக மூடினால் தகரம் சேரும் இடுக்கில் தண்ணீர் இறங்கும். அதனால் ஐந்து வீடும் சேர்ந்து ஒரே நீளமாகத் தைத்து வாங்கி, எல்லாக் கூரைக்கும் சேர்த்து ஒரே நீலத் தார்ப்பாய் போடுவது வழக்கம். கிழக்கு மூலையில் மோட்டார் பைப் நிற்கிறது. அதைச் சுற்றி மடித்துத்தான் கட்ட முடியும். அந்த மடிப்புதான் இது.

"எப்பக் கட்டுவீங்க சித்தி?"

"மே கடைசியில கட்டிருவோம். பிள்ளையாரக் கடல்ல கரைச்ச பொறவுதான் அவுப்போம். ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். படத்தின் அடியில் ட்ரோன் பறந்த தேதி இருந்தது. பிப்ரவரி பன்னிரண்டு. பிப்ரவரியில் அந்தக் கூரைகளில் தார்ப்பாய் கிடையாது. வெறும் தகரம்தான். ஐந்து வீடும் தனித்தனியாகத் தெரிந்திருக்கும்.

"அப்படின்னா அவங்க ட்ரோன் பாத்ததை வரையல," என்றான் டென்சில் மெதுவாக. அவன் மெதுவாகப் பேசுவது அபூர்வம். "வேற யாரோ தார்ப்பாய் கட்டுன பிறகு எடுத்த படத்தைப் பாத்து வரைஞ்சிருக்காங்க. இவங்க அதை எடுத்து ஒட்டிட்டாங்க."

யாரோ வரைந்ததை.  

இணையத்தில் ஓர் இலவச மேப் உண்டு. சாவியும் கிடையாது, லைசென்சும் கிடையாது. யார் வேண்டுமானாலும் வரையலாம், திருத்தலாம். தாராவியின் பாதிச் சந்துகளைக் கல்லூரிப் பிள்ளைகள்தான் முகாம் போட்டு வரைந்தார்கள். ஒரு மூலையை நானும் வரைந்திருக்கிறேன். மேப் என்ற ஒன்றை நான் படித்ததே அப்படித்தான். அதில் ஒரு நல்ல குணம் இருக்கிறது. எந்தக் கோட்டைத் தொட்டாலும் அதை யார், என்றைக்கு, என்ன சொல்லி வரைந்தார்கள் என்று காட்டிவிடும். அழித்தால் அழித்தவர் பெயரும் சேர்ந்துகொள்ளும். எதையும் மறக்காது.

போனைத்தான் வெளியே வைக்கச் சொன்னார்கள். கம்ப்யூட்டரில் பிரவுசர் இருந்தது. அதைத் தொடக் கூடாது என்று பலகையில் எந்த விதியும் இல்லை. செத்த சாஃப்ட்வேரைத் திரையின் இடது பாதிக்குத் தள்ளினேன். வலது பாதியில் இலவச மேப்பைத் திறந்தேன். எங்கள் சந்துக்கு இறங்கினேன்.

இடப்பக்கம் சாம்பல் குடோன். வலப்பக்கமும் குடோன். அதே அகலம், அதே மூலைகள், கிழக்கில் அதே உடைந்த பல்.

டென்சில் கைதட்டினான். "லட்சம் லட்சமா கொட்டி சாவி வாங்கி, ட்ரோன் விட்டு, கடைசியில ஓசி மேப்புல இருந்து சுட்டிருக்காங்க. மேடம், இந்த சாஃப்ட்வேரை எதுக்கு வாங்குனாங்க தெரியுமா? பூட்டுறதுக்கு. உள்ள என்ன இருக்குன்னு யாரும் பாத்துரக் கூடாதுல்ல."

அவன் சொன்னது சரி. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என் கை மவுசை விட்டு விலகியது. அவன் அதைப் பிடித்து, குடோனைத் தொட்டு, வரலாறு என்ற பொத்தானை அமுக்கினான்.

"இப்பப் பாப்போம், எந்தப் புண்ணியவான் வரைஞ்சதுன்னு. எட்டு வருசத்துக்கு முந்தி. ஆகஸ்ட். குறிப்பு, 'பெரிய குடோன்'. பேரு... மாட்டுங்கா செல்வி." சிரித்தான். "மாட்டுங்காவுல உக்காந்துக்கிட்டு இந்தச் சந்தப் பத்தி இவளுக்கு என்ன..."

நின்றான். என் முகத்தைப் பார்த்தான்.

ஸ்பீக்கர் முப்பத்திரண்டு என்றது. 

எட்டு வருஷத்துக்கு முன்னால், சயானில் கல்லூரி லேப். நான் இரண்டாம் வருஷம். வானத்திலிருந்து எடுத்த படத்தைத் திரையில் வைத்துக் கூரை கூரையாக வரைய வேண்டும். அன்றைக்கு முந்நூறு கூரைகளுக்கு மேல் வரைந்தேன். பக்கத்து நாற்காலியில் பத்மஜா. என் சிநேகிதி. மாட்டுங்காவில் ஃபைவ் கார்டன்ஸ் பூங்கா பக்கம் அவர்களுக்குச் சொந்த ஃப்ளாட். நானும் மாட்டுங்காதான் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். சாயங்காலம் அவளோடு கிங்ஸ் சர்க்கிள் வரை நடந்து, அவள் தன் தெருவுக்குள் போனதும் திரும்பி நடந்து வீட்டுக்குப் போவேன். ஒன்றரை வருஷம் அப்படிப் போனேன். அன்றைக்கு அவள் என் திரையை எட்டிப் பார்த்து, அந்த நீளமான நீலம் என்ன என்று கேட்டாள். அதில் மூன்றாவதாக இருந்தது எங்கள் வீடு. அம்மா அந்த நேரத்தில் அதற்குள்ளேதான் இருந்திருப்பாள்.

குடோன் என்றேன். நம்பட்டும் என்று வரைந்தும் காட்டினேன்.

நான் சொன்ன எத்தனையோ பொய்களில் அதுவும் ஒன்று. வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிட்டேன். மேப் மறக்கவில்லை.

இதையெல்லாம் நான் சித்தியிடம் சொன்னேன். திரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். டென்சில் சுவர்ப் பலகையை முதல் வரியிலிருந்து மறுபடி படித்துக்கொண்டிருந்தான்.

 சித்தி பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"ஒங்கம்மைக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லாத," என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது பேசியிருப்பேன். அந்த அறையில் ஒளிய இடமில்லை.

டென்சில் தொண்டையைக் கனைத்தான். இப்போதே குடோனை அழித்துவிட்டு ஐந்து வீட்டை வரைந்துவிட்டால் என்ன என்று கேட்டான். அழித்தால் இன்றைய தேதியில் அழித்தது பதிவாகும், விசாரணை நாளன்று மனுதாரரின் ஆளே மேப்பை மாற்றிவிட்டாள் என்று கம்பெனி சொல்லும் என்றேன். கம்பெனி திருடியது என்று நிரூபிக்க அந்தக் குடோன் அங்கேயே இருக்க வேண்டும். குடோன் பொய் என்று நிரூபிக்க, பொய் சொன்னவள் வர வேண்டும். வந்தால் என் தொழில் போய்விடும். சொந்த விலாசத்தையே மறைத்தவளிடம் எந்த பேங்க் விலாசம் விசாரிக்கக் கொடுக்கும்? வராமல் இருந்தால் சித்தியின் வீடு போய்விடும். கதவு ஒரு பக்கம் பூட்டியிருந்தது. இது எல்லாப் பக்கமும் பூட்டியிருந்தது.

"உள்ளத எழுது," என்றாள் சித்தி.

வரைய இருபது நிமிஷம் ஆனது. பிரவுசரிலேயே ஓடும் இன்னோர் இலவசக் கருவியைத் திறந்து, காலையில் எடுத்த அளவுகளை வைத்து ஐந்து வீடுகளையும் தனித்தனியாகப் போட்டேன். பெயர்களைச் சித்தி வரிசையாகச் சொன்னாள். கம்பெனி கேட்ட அதே ஃபைலாக அந்தக் கருவி சேமித்துக் கொடுத்தது. லைசென்ஸ் கேட்கவில்லை. ஆட்சேபப் பக்கத்தில் ஏற்றினேன். கடைசிக் கட்டம் ஒன்று பாக்கி. மேப்பில் உள்ளது தவறு என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அதில் நடந்ததை நாலு வரியில் எழுதினேன். அனுப்பு என்ற பொத்தானில் விரல் நின்றது.

ஸ்பீக்கர் முப்பத்தாறு என்றது. சிவப்பு விளக்கு பச்சையானது.

அனந்தநாராயணன் கையில் டீ கப்போடு உள்ளே வந்தார். மீட்டிங்கில் மாட்டிக்கொண்டேன், மறந்தே போய்விட்டது என்றார். டென்சில் எழுந்து போய்க் கதவிடுக்கில் செருப்பை வைத்தான். அதற்குள் அவர் திரையைப் பார்த்துவிட்டார். இடது பாதி, வலது பாதி. டீ கப்பை மேஜையில் வைத்தார்.

கத்துவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சந்துகள் குறுகல், ட்ரோனுக்கு நிழல்தான் கிடைத்தது, ஆட்கள் உள்ளே போக மறுத்தார்கள், மூன்று வாரத்தில் முடிக்கச் சொல்லி மேலேயிருந்து நெருக்கினார்கள் என்றார். விட்டுப்போன இடங்களை இலவச வெப் மேப்பிலிருந்து நிரப்பிக்கொண்டார்களாம். சாவி போட்டுத் திறக்கிற மேப் என்றால் எவனும் கேள்வி கேட்க மாட்டான்.

"இப்படி எத்தனை மேப் ஷீட் சார்?" என்றான் டென்சில்.

அவர் டீ கப்பைத் தள்ளி வைத்தார். "பதினொண்ணு."

ஒரு ஷீட்டுக்கு இருநூறு வீடு வரும்.

அவர் என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் பேசினார். "அம்மாவோட வீட்டை இப்பவே நான் சேர்த்துடறேன். கிளரிக்கல் மிஸ்டேக்னு போட்டுக்கலாம். நீங்க மேலே போய் இதைப் பத்திப் பேச வேண்டாம். பேசினா, தப்பா எழுதினது யாருன்னும் கேப்பா. அது உங்களுக்கு நல்லதா, யோசிங்கோ."

வலது பாதியில் நான் எழுதியிருந்த நாலு வரியை அவரும் படித்திருந்தார்.

நல்ல பேரம். ஒரு பொத்தானை நான் அமுக்காமல் இருந்தால் போதும். சித்திக்கு ஃப்ளாட் கிடைக்கும், எனக்குத் தொழில் மிஞ்சும். அசிங்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். சித்தி சரி என்று சொல்லிவிட மாட்டாளா என்று எனக்கு இருந்தது.

"மத்த நாலு வீடு?" என்றாள் சித்தி.

அவர்கள் ஆட்சேபம் கொடுக்கவில்லை, இன்றோடு முடிகிறது என்றார் அனந்தநாராயணன்.

சித்தி எழுந்தாள். "சார், எனக்குன்னு சொந்தமா சுவர் கெடையாது. இந்தப் பக்கம் இசக்கிராஜ் சுவரு. அந்தப் பக்கம் இவ வீடா இருந்ததோட சுவரு. அவங்க வீடு இல்லன்னு எழுதிட்டு என் வீட்ட எதுல சாச்சு வப்பீங்க?"

முப்பத்தேழு என்றது ஸ்பீக்கர்.

நான் பொத்தானை அமுக்கினேன்.

இரண்டு மாடி ஏறினோம். லிஃப்டுக்கும் அட்டை வேண்டும். மூன்றாவது முறை முப்பத்தெட்டு என்று கூப்பிடும்போது சித்தி மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்றாள்.

அதிகாரி ஒரு மராட்டிக்கார அம்மாள். முகத்தில் களைப்பு, மேஜையில் ஃபைல் மலை. மனுவைப் படித்துவிட்டு அனந்தநாராயணனை வரவழைத்து, அந்த ஷீட்டைக் காட்டச் சொன்னார். வாஷியிலிருந்து லைசென்ஸ் இன்னும் வரவில்லை, நாளைக்குக் காட்டலாமா என்று அவர் கேட்டார். அதிகாரி என்னைப் பார்த்தார். உன்னுடையதைத் திறக்க என்ன வேண்டும் என்று இந்தியில் கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன்.

அந்தப் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் இலவச மேப் அரை நிமிஷத்தில் வந்தது. குடோன் வந்தது. கம்பெனி கடிதத்தோடு இணைத்திருந்த பிரிண்டைப் பக்கத்தில் வைத்து, பென்சிலால் மூலை மூலையாக ஒத்துப் பார்த்தார். மடிப்பு வந்ததும் பென்சில் நின்றது. பிறகு அவரே வரலாற்றை அமுக்கினார். மாட்டுங்கா செல்வி என்று சத்தமாகப் படித்தார். பெஞ்சில் டோக்கனோடு காத்திருந்த பத்துப் பதினைந்து பேரும் கேட்டார்கள்.

இது யார் என்றார்.

நான்தான் என்றேன்.

குடோன் இல்லை என்று தெரிந்தும் ஏன் குடோன் என்று எழுதினாய்?

இந்தியில் சொன்னேன். பத்மஜாவிடம் பேசிய அதே இந்தியில். "அது என் வீடு மேடம். சொல்ல வெட்கமாயிருந்தது."

அவர் பேனாவை எடுத்து இரண்டு தாள்கள் எழுதினார். முதல் தாளில், ஜி-114 நிறுத்திவைக்கப்படுகிறது, ஐந்து வீடுகளையும் நாளைக் காலை நேரில் அளக்க வேண்டும், வெப் மேப்பிலிருந்து எடுத்த எல்லா ஷீட்டுகளின் பட்டியலையும் கம்பெனி ஒப்படைக்க வேண்டும். இரண்டாவது தாள் எனக்கு. பொதுமக்கள் நம்பும் பதிவில் தெரிந்தே பொய்யான தகவல் சேர்த்ததற்கு ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். நகல் என் தொழில் உரிமம் கொடுத்த இடத்துக்கும் போகும். இரண்டிலும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

படியிறங்கும்போது டென்சில் என் தாளை வாங்கிப் படித்து மடித்துக் கொடுத்தான். "மேடம், குத்தவாளியை ஒரே நாள்ல பிடிச்சு, கையோட சரண்டரும் பண்ண வச்ச ஒரே டிடெக்டிவ் நீங்கதான். போர்டுல எழுதிரலாமா?"

நான் சிரிக்கவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

சித்தி ஒரு கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்து, படி படியாக எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கு வெளியே வந்து ஆட்டோவுக்குக் கை காட்டினாள். எங்களோடு வரவில்லை என்று புரிந்தது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, காலையில எட்டு மணிக்குச் சந்துக்கு வந்துரு. அளக்க வாறவனுக்கு எந்த வீடு யாரு வீடுன்னு நீதான் காட்டணும். எல்லாரும் வெளிய நிப்பாங்க. மூணாவது வீட்டுக்கு வரும்போது, அதுல யாரு இருந்தான்னு சத்தமாச் சொல்லு."